பொந்து வாசலில் ஒரு சுபேதார்

போன ஞாயிற்றுக்கிழமை மாரீஸ்வரி டீத் தட்டை மேசையில் வைத்த சத்தம், புதன்கிழமை வரைக்கும் அந்த வீட்டை விட்டுப் போகவில்லை.

தட்டில் பதினான்கு டம்ளர்கள். தென்பொதிகை வேட்டை நாய் வளர்ப்போர் சங்கத்தின் செயற்குழு அன்றைக்கு ராஜபாளையத்தில் தலைவர் வீட்டு முன்னறையில் கூடியிருந்தது. தலைவர் என்றால் ஓய்வுபெற்ற சுபேதார் மலைச்சாமி. வருகிற ஞாயிறு நடக்கப்போகும் நாய்க் கண்காட்சியில் குணத்துக்கு எப்படி மார்க் போடுவது என்று அவர் விளக்கிக்கொண்டிருந்தார். அந்நேரம் பார்த்து மருமகள் மாரீஸ்வரியின் குட்டை நாய் சேவு உள்ளே வந்தது. பொருளாளரின் செருப்பில் இடது காலை மட்டும் தேர்ந்தெடுத்துக் கவ்விக்கொண்டு வெளியே போனது.

எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை.

"கலப்பு ரத்தம்யா அது. கலப்புன்னாலே குணம் ஒரு இடத்துல நிக்காது. அப்பன் ஒரு பக்கம் இழுக்கும், ஆத்தா ஒரு பக்கம் இழுக்கும். வீட்டுக்குள்ள விட்டதே தப்பு" என்றார்.

நாயைத்தான் சொன்னார். ஆனால் தட்டோடு நின்ற மாரீஸ்வரியின் அப்பா தவசிமுத்து ஒரு சாதி, அம்மா ஈஸ்வரி வேறு சாதி. அது அந்தப் பதினான்கு பேருக்கும் தெரியும். எப்படித் தெரியும் என்றால், மலைச்சாமியே மைக் கிடைத்த இடத்திலெல்லாம் சொல்லியிருக்கிறார்: 'நான் அதெல்லாம் பார்க்கிற ஆள் இல்லை. என் மருமகளே அதற்குச் சாட்சி!'

சாட்சி அன்றைக்குச் சாயங்காலமே கைப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறிவிட்டது. நாயையும் கூப்பிடத்தான் செய்தாள். அது கட்டிலுக்கு அடியில் ஒரு பல்லியை முறைத்துக்கொண்டிருந்தது. வரவில்லை. பஸ் வந்துவிட்டது.

மூன்று நாளாயிற்று. மாரீஸ்வரி அப்பா வீட்டிலிருந்தே நூல் மில் ஆபீசுக்கு வந்து போனாள். மில் பஸ் மலைச்சாமி வீட்டைத் தாண்டித்தான் போகும். ஜன்னலோரம் உட்கார்ந்தும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை என்று மனைவி செல்லத்தாய் தினமும் காலையில் தகவல் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை மகன் பாண்டிச்செல்வம் ஜம்மு பட்டாளத்திலிருந்து போன் பண்ணினான். "அப்பா, சனிக்கிழமை லீவுல வாரேன். அவ எந்த வீட்டுல இருக்காளோ அந்த வீட்டுக்குத்தான் என் பெட்டி போகும்."

அவ்வளவுதான் பேசினான். அப்பாவிடம் கற்ற பழக்கம். உத்தரவு சுருக்கமாக இருக்க வேண்டும்.

புதன் காலை, செல்லத்தாய் வயர் கூடையைக் கொண்டுவந்து கணவன் முன்னால் வைத்தாள்.

"இன்னைக்கு மில்லு ஆபீஸ் லீவாம். வீட்டுலதான் இருப்பா. போய்க் கூட்டிட்டு வாங்க."

"நான் போயி நிக்கணுமாக்கும்? நான் நாயைத்தான சொன்னேன்?"

"நாய் ஒண்ணும் கோவிச்சுக்கிட்டுப் போகலையே."

மலைச்சாமி வாசலைப் பார்த்தார். அங்கே தளபதி படுத்திருந்தது. பால் வெள்ளை, ரோஜா மூக்கு, சுத்தமான ராஜபாளையம் ஜாதி. குணப் பிரிவில் மூன்று வருஷமாக முதல் பரிசு. அந்தப் பிரிவில் ஒரு சோதனை உண்டு. நாய்க்குத் தெரியாமல் அதன் முதுகுக்குப் பின்னால் எவர்சில்வர் தட்டைக் கீழே போடுவார்கள். மற்ற நாய்கள் துள்ளும், குரைக்கும், ஒன்றிரண்டு மூத்திரம்கூடப் போகும். தளபதி காதைக்கூட அசைக்காது. 'பதற்றம் என்பதே ரத்தத்தில் கிடையாது' என்று மலைச்சாமி மைக்கில் சொல்லும்போது கூட்டம் கைதட்டும். தளபதி அதற்கும் அசையாது.

தெருவில் ஆட்டோ வந்தால் போதும், சேவுதான் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, அவள் இல்லை என்று தெரிந்ததும் திரும்பி வந்து மாரீஸ்வரியின் பழைய செருப்பின் மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது. சாத்தூர் காராச்சேவு நிறம். கம்பி மாதிரி முடி, கிழவன் மாதிரி மீசை, முழங்கால் உயரம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பண்ணையார் வீட்டுச் சீமை டெரியர் ஒருநாள் கேட்டைத் தாண்டியதன் விளைவு.

மலைச்சாமி திட்டம் போட்டார். முப்பது வருஷம் ராணுவத்தில் இருந்தவர் திட்டமில்லாமல் கொல்லைக்குக்கூடப் போகமாட்டார். நாயைத் தூதுவராக அனுப்புவது. கூடையைத் திறந்ததும் நாய் அவள் மேல் பாயும். அவள் கட்டிக்கொண்டு அழுவாள். சம்பந்தியம்மா காப்பி கொடுப்பாள். எல்லோரும் அஞ்சே கால் பஸ்ஸைப் பிடிப்பார்கள். இதில் 'மன்னிப்பு' என்ற சொல் எங்கேயும் வரவேண்டிய அவசியமே இல்லை.

மத்தியானம் சாப்பிட்டதும் கூடைக்குள் நாயை வைத்து மேலே துண்டைப் போட்டு மூடினார்.

பஸ்ஸில் கண்டக்டர் கேட்டார். "அண்ணாச்சி, கூடையில என்ன?"

"கோழி."

கோழி குரைத்தது.

"சேவலா இருக்கும்" என்றார் கண்டக்டர், டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே. பின் சீட்டில் யாரோ சிரித்தார்கள். மலைச்சாமி ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்வரை மேற்கு மலையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

தவசிமுத்து மோட்டார் காயில் கட்டுகிறவர். வீட்டு முன்னாலேயே பட்டறை. கையெல்லாம் வார்னிஷோடு எழுந்து வந்தார். "வாங்க சம்பந்தி, வாங்க! ஒரு போன் போட்டிருந்தா நானே ஸ்டாண்டுக்கு வந்திருப்பேனே! ஈஸ்வரி சந்தைக்குப் போயிருக்கா."

அவர் முகத்தில் எந்த வருத்தமும் இல்லை. மகள் எதையும் சொல்லவில்லை என்று மலைச்சாமிக்குப் புரிந்தது. அது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஏனோ இல்லை.

மாரீஸ்வரி நிலைப்படியில் வந்து நின்றாள். "வாங்க மாமா."

மரியாதையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கலெக்டர் ஆபீசில் மனு வாங்குகிறவர்களின் குரல் அது.

"உன் நாயைக் கொண்டாந்திருக்கேன்மா" என்று மலைச்சாமி கூடையைக் கீழே வைத்துத் துண்டை விலக்கினார்.

மாரீஸ்வரியின் முகம் ஒரு கணம் மாறியது. குத்தவைத்து உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினாள். சேவு வெளியே குதித்தது. அவளைப் பார்த்தது. வாலை மூன்று தடவை ஆட்டியது. பிறகு மூக்கைத் தூக்கி எதையோ மோந்துவிட்டு, தூதுவர் அவளைத் தாண்டி, ஹாலைத் தாண்டி, அடுப்படியைத் தாண்டிக் கொல்லைக்குப் போய்விட்டார்.

கொல்லையில் இரண்டு தென்னை. அவற்றின் நடுவே துவைக்கிற கல். கல்லுக்கு அடியில் தேங்காய் அகலத்துக்கு ஒரு பெருச்சாளிப் பொந்து. எல்லோரும் போய்ச் சேர்ந்தபோது சேவின் வால் மட்டும் வெளியே தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

"அட!" என்றார் தவசிமுத்து. "ஆறு மாசமா எங்களை ஆட்டிவைக்குது அந்தப் பெருச்சாளி. வந்த அன்னைக்கே வேலைய ஆரம்பிச்சிட்டானே!"

மலைச்சாமி வேட்டியை மடித்துக் கட்டினார். நெஞ்சை நிமிர்த்திப் பட்டாளத்து இந்தியில் உத்தரவு போட்டார்.

"சேவு! இதர் ஆவ்!"

பொந்துக்குள்ளிருந்து குரைப்பு வந்தது. பீப்பாய்க்குள்ளிருந்து வருவதுபோல.

"பீச்சே முட்! ஏலே, வெளிய வா! உன்னைத்தாம்லே!"

உள்ளேயிருந்து மண் பீய்ச்சி அடித்தது. சுபேதார் சத்தம் கூட்டக் கூட்ட மண் அதிகமாக வந்தது. பக்கத்து மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் வேலையை விட்டுவிட்டுக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டாள். அரைமணி நேரத்தில் மலைச்சாமிக்குத் தொண்டை கட்டிவிட்டது. நாய்க்குக் கட்டவில்லை.

"கடப்பாரை கொண்டாரட்டுமா? கல்லைப் பெயர்த்திருவோம்" என்றார் தவசிமுத்து.

"கல்லு சரிஞ்சா உள்ள மாட்டிக்கிடும்ப்பா. நீங்க போய் அந்த மோட்டார் வேலையப் பாருங்க. சாயந்தரம் ஆளு வாராரு" என்று மாரீஸ்வரி அப்பாவை அனுப்பினாள். பிறகு மாமனாரைப் பார்த்தாள். "மாமா, நீங்க கத்தாதீங்க."

"கூப்பிடாம எப்படிம்மா வரும்?"

"நீங்க கூப்பிடுறதா அதுக்குத் தெரியாது. நீங்களும் கூட நின்னு குரைக்கீங்கன்னு நினைச்சுக்கிடும். ஆளு பலம் வந்திருச்சுன்னு இன்னும் தோண்டும்."

மாடியில் இருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்ப என்னதான் செய்ய?"

"ஒண்ணும் செய்யக் கூடாது. சும்மா உக்காரணும். வெளிய யாரும் கண்டுக்கிடலைன்னா அதுக்குச் சலிச்சுப்போகும். தானா வரும். பேசணும்னா சின்னக் குரல்ல பேசணும்."

"எம்புட்டு நேரம் ஆகும்?"

"அது இஷ்டம்."

ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் போட்டாள். சுபேதார் அதன் மேல் உட்கார்ந்தார். அவள் துவைக்கல்லின் ஓரத்தில் உட்கார்ந்தாள். நடுவில் பொந்து.

மலைச்சாமி வாழ்க்கையில் எத்தனையோ கஷ்டங்களைப் பார்த்தவர். பனியில் நின்றிருக்கிறார். ஆனால் சும்மா உட்கார்ந்ததில்லை. முப்பது வருஷம் கட்டளை, அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் மைக். ஐந்து நிமிஷத்தில் அவருக்கு நாக்கு அரித்தது. வழியெல்லாம் ஒரு பேச்சைத் தயார் பண்ணிக்கொண்டு வந்திருந்தார். 'குடும்பம் என்பது ஒரு படைப்பிரிவு மாதிரி' என்று அது தொடங்கும். நடுவில் நாட்டுப்பற்று வரும். அதையெல்லாம் சின்னக் குரலில் சொல்ல முடியாது என்பதை இப்போதுதான் கண்டுபிடித்தார்.

மாரீஸ்வரிதான் முதலில் பேசினாள். பொந்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"தளபதிக்குக் காது கேக்காதுல்ல மாமா?"

மலைச்சாமி வாளியோடு ஆடிப்போனார். "யாரு சொன்…" என்று குரல் உயர்ந்தது. உள்ளே குரைப்பு. அவள் ஒரு விரலைத் தூக்கினாள். அவர் வாயை மூடினார்.

"யாரும் சொல்லல. ரெண்டு வருஷத்துக்கு முன்னால அடுப்படியில குக்கர் மூடி என் கை தவறி அது காதுகிட்டயே விழுந்துச்சு. தூங்கிட்டு இருந்துச்சு. கண்ணு தொறக்கல. நான் செத்துப்போச்சோன்னு பயந்து தொட்டுப் பார்த்தேன். தொட்டதும் முழிச்சுக்கிடுச்சு."

தளபதி குட்டியாக இருந்தபோதே கால்நடை டாக்டர் சொன்னதுதான். வெள்ளையாகவே பிறக்கிற இந்த ஜாதியில் சிலதுக்கு அப்படி அமைந்துவிடும் என்றார். மலைச்சாமி அன்றைக்கே அந்த டாக்டரை மாற்றிவிட்டார்.

"அந்த வருஷமும் தட்டுச் சோதனையில அதுக்குத்தான் முதல் பரிசு" என்றாள் மாரீஸ்வரி. "வீட்டுக்கு வந்தவிய எல்லாருட்டயும் நீங்க சொல்லிட்டிருந்தீங்க, நான் காப்பி குடுத்துட்டு இருந்தேன். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லணும்னு தோணவே இல்ல."

தென்னை ஓலை ஒன்று சரசரத்தது. பொந்துக்குள் சத்தம் கொஞ்சம் குறைந்திருந்தது.

"எனக்குத் தெரியும்" என்றார் மலைச்சாமி. அவருடைய குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. இவ்வளவு சின்னதாக ஒரு குரல் தன்னிடம் இருப்பது அவருக்குத் தெரியாது. "உங்க அத்தைக்குக்கூடத் தெரியாது."

"அத்தைக்குத் தெரியும்."

"அவளுக்குமா?"

"பால்காரருக்கே தெரியும் மாமா."

மலைச்சாமி மனதுக்குள் தெருவில் உள்ள வீடுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். கைதட்டியவர்களின் முகங்களையும் நினைத்துப் பார்த்தார். அதில் எத்தனை பேர் பால்காரரிடம் பால் வாங்குகிறார்கள்?

"மாரி, நான் அன்னைக்கு நாயைத்தாம்மா சொன்னேன்."

"தெரியும் மாமா."

"பொறவு ஏன்…"

"என்னை நினைச்சுச் சொல்லியிருந்தா அங்கயே சண்டை போட்டிருப்பேன். நீங்க என்னை நினைக்கவே இல்ல. அதான் தாங்க முடியல. தட்டோட உங்க எதிர்லதான் நின்னேன். நீங்க பேசப் பேச அந்தப் பதினாலு பேரும் என்னைப் பார்த்தாக. நீங்க ஒருத்தர்தான் பார்க்கல."

அவள் அழவில்லை. துவைக்கல்லில் காய்ந்துபோயிருந்த சோப்பு நுரையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க அப்பா, அம்மாவைக் கட்டின வருஷம் இந்தத் தெருவுல ஒருத்தரும் வீடு குடுக்கல. அப்பா ஒவ்வொரு வீட்டு மோட்டாரையும் சும்மா ரிப்பேர் பண்ணிக் குடுத்துத்தான் இங்க உக்காந்தாரு. இன்னும் யாராச்சும் அந்தப் பேச்சை எடுத்தா சிரிச்சுக்கிட்டே உள்ள போயிருவாரு. நீங்க பொண்ணு கேட்டு வந்தப்ப, 'பெரிய மனுசன், அதெல்லாம் பார்க்கல'ன்னு ஒரு வாரம் சொல்லிச் சொல்லி மாஞ்சுபோனாரு. அதனாலதான் அவருட்ட நான் ஒண்ணும் சொல்லல."

முன்பக்கம் பட்டறையில் தவசிமுத்து யாரிடமோ பேசும் சத்தம் கேட்டது. "சம்பந்தி வந்திருக்காக! ஆமா, மிலிட்டரிக்காரரு! கொல்லையில இருக்காக!"

மலைச்சாமி குனிந்து தன் கைகளைப் பார்த்தார். 'அதெல்லாம் பார்க்கல' என்று எத்தனை மேடையில் சொல்லியிருப்போம் என்று யோசித்தார். ஒன்றைப் பார்க்கவில்லை என்று சொல்லிக்கொண்டே இருப்பவன், அதைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை என்பது அந்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தபோது அவருக்கு மெல்ல உறைத்தது.

"தப்பு" என்றார்.

"என்ன மாமா?"

"தப்புதான். நான் சொன்னது."

பொந்தில் மண் அசைந்தது. முதலில் மீசை வந்தது. அதில் பாதியைக் காணோம், மீதி சேறு. பிறகு தலை, பிறகு மொத்தமும். பெருச்சாளி இல்லை. அதைப் பற்றி வருத்தமும் இல்லை. நல்ல வேலை பார்த்துவிட்டு ஷிப்டு முடிந்து வருகிற ஆளைப்போல வந்து, இருவருக்கும் நடுவில் நின்று, உடம்பைச் சிலுப்பியது. சலவை வேட்டி சட்டையெல்லாம் மண். சுபேதார் அசையவில்லை.

மாரீஸ்வரி நாயை அள்ளி எடுத்துக்கொண்டாள். அதன் காதுக்குள் ஏதோ சொன்னாள்.

மலைச்சாமி எழுந்தார். வேலை முடிந்தது என்று அவருக்குத் தோன்றியது. "அப்ப கிளம்புவோமாம்மா? அஞ்சே கால் பஸ் இருக்கு."

அவள் அவரைப் பார்த்தாள். கோபம் இல்லை. ஆனால் இடமும் கொடுக்கவில்லை.

"மாமா, பொந்துகிட்ட சொன்னது பொந்துக்குப் போதும். அன்னைக்கு நீங்க சொன்னது பதினாலு பேருட்ட."

சொல்லிவிட்டு நாயைக் கழுவக் குழாயடிக்குப் போனாள்.

மலைச்சாமி தென்னையடியில் நின்றார். ஒரு தடவை நடந்தார். திரும்பினார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துச் சங்கச் செயலாளர் சோலைராஜைக் கூப்பிட்டார்.

"சொல்லுங்க தலைவரே! நாய்ப் பட்டியல் பிரிண்டுக்குப் போகப்போகுது. தளபதி பேரைப் பெரிய எழுத்துல போடச் சொல்லியிருக்கேன்!"

"தளபதியை எடுத்திரு."

"தலைவரே?"

"அதுக்குக் காது கேக்காது. மூணு வருஷமும் அந்தப் பரிசு செல்லாது. கோப்பையை எல்லாம் திருப்பித் தந்திருதேன். அந்த இடத்துல வேற நாய் ஒண்ணு எழுதிக்கோ. பேரு, சேவு."

குழாயடியில் தண்ணீர்ச் சத்தம் மெலிந்தது.

சோலைராஜ் இருமினார். "இனம் என்னன்னு போட?"

"கலப்பு. டெரியர் கலப்பு. அப்படியே போடு."

"விதிப்படி தூய இனம் மட்டும்தான தலைவரே? விதியை நீங்கதான எழுதுனீங்க?"

"நான் எழுதுனதுதான். அதைத்தான் மாத்தணும். சனிக்கிழமை காலையில செயற்குழுவக் கூட்டு. பதினாலு பேரும் வரணும். விதியைப் பத்திப் பேசுறதுக்கு முன்னால, போன வாரம் நான் பேசுனதைப் பத்தி அவிய முன்னால நான் கொஞ்சம் பேச வேண்டியிருக்கு."

சோலைராஜ் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "தலைவரே, ஓட்டுக்கு விட்டா நீங்க தோத்துருவீங்க. பொருளாளரு செருப்பை இன்னும் மறக்கல. தலைவர் பதவிக்கே ஆபத்து."

"சனிக்கிழமை. பத்து மணி" என்று போனை வைத்தார் மலைச்சாமி.

திரும்பினால், மாரீஸ்வரி நனைந்த நாயைத் துண்டில் சுற்றிக்கொண்டு நின்றிருந்தாள். துண்டுக்குள்ளிருந்து சேவு சுபேதாரை உற்றுப் பார்த்தது.

"சனிக்கிழமைதான் அவுகளும் வாராக" என்றாள்.

"ஆமாம்மா."

"இவன் இங்கயே இருக்கட்டும் மாமா. பத்து மணிக்கு நான் இவனைக் கொண்டுட்டு வாரேன். வாசல்ல நின்னு கேப்பேன். உள்ள வாரதா, அப்படியே திரும்புறதான்னு அப்பப் பாத்துக்கிடுதேன்."

பொந்துக்குள் இப்போது யாரும் இல்லை. ஆனாலும் மலைச்சாமி சின்னக் குரலில்தான் சொன்னார்.

"சரிம்மா."